சுருட்டு பற்றி என்னிடம் கேட்கிறவர்களுக்கு: நாகர்கோவிலிலிருந்து சில பதில்கள்

துபாயில் ஒரு ஓட்டலின் ஸ்டோரில் 11 வருஷம் வேலை பார்த்தேன். அரிசி, எண்ணெய், மேஜைவிரிப்போடு சுருட்டுப் பெட்டிகள் அடுக்கிய கண்ணாடி அறையும் என் பொறுப்பு. ஊருக்குத் திரும்பிய பிறகு கல்யாண வீட்டுப் பந்தியிலும் வடசேரி பஸ் ஸ்டாண்டிலும் யாராவது ஒருவர் தோளைத் தொட்டு, "அண்ணாச்சி, அந்தச் சிகார் விஷயம் ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை வலிக்காது.

சிகார் என்பது நம்ம சுருட்டுதானே?

சுருட்டுதான். ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது நம் 'சுருட்டு' கடல் தாண்டிப்போய் வாங்கிய பெயர். போர்த்துக்கீசியரின் 'சருட்டோ'வும் இதே சொல்தான். இந்தியாவுக்கு இலையைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்; பெயர் கொடுத்தது நாம்.

வித்தியாசம் உருவத்தில் இருக்கிறது. உறையூர், திண்டுக்கல் பக்கம் சுருட்டிய செரூட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும். தலை எது, வால் எது என்று பார்க்கவே வேண்டாம். ஹவானா வகையில் வாயில் வைக்கும் முனையை ஒரு சின்ன இலைத்துண்டால் தொப்பி போட்டு மூடியிருப்பார்கள். அதனால்தான் அதற்கு வெட்டுக்கத்தி வேண்டியிருக்கிறது. நான் இரண்டையும் சுருட்டு என்றே சொல்கிறேன். 'சிகார்' என்றால் 2,000 ரூபாய், 'சுருட்டு' என்றால் 5 ரூபாய் என்று நினைக்கிற மனசுக்கு நான் என்ன செய்ய முடியும்?

ரப்பரும் வாழையும் விளைகிற மாவட்டத்துக்கும் சுருட்டுக்கும் என்ன சம்பந்தம்?

விளைச்சலைப் பார்த்தால் ஒன்றுமில்லை. வாங்கியதையும் படைத்ததையும் பார்த்தால் நிறைய.

1956 நவம்பர் 1-க்கு முன்பு நாம் திருவிதாங்கூர்ப் பக்கம். யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூர்தான் பெரிய சந்தை. கடல்வழியாக வந்து இறங்கும் அந்த இலையை விற்கும் உரிமை வெகுகாலம் அரசாங்கத்துக்கு மட்டுமே இருந்தது. 1860-களில், திவான் மாதவராவ் காலத்தில்தான் அந்த ஏகபோகம் போனது. வந்த இலையில் பெரும்பங்கு வெற்றிலையோடு சேர்ந்து வாய்க்குள் போயிற்று, மிச்சம்தான் புகையாயிற்று.

படைப்பதற்கு வருவோம். சுடலைமாடனுக்குக் கொடைவிழா நடக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. படப்பில் சோறு, கறி, முட்டை, சாராயம் எல்லாம் இருக்கும்; ஓரத்தில் ஒரு கட்டு சுருட்டும் இருக்கும். வில்லுப்பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரத்தில் சாமியாடும் கோமரத்தாடி ஒன்றை எடுத்துப் பற்றவைப்பார். சின்ன வயதில் நான் நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். காற்றடிக்கும்போது முனை சிவந்து, அடங்கி, மறுபடி சிவக்கும். விடியற்காலையில் வாழையிலை மேல் சாம்பல் முறியாமல் விரல் நீளத்துக்குக் கிடக்கும். நல்ல சுருட்டின் சாம்பல் உதிராது என்று பின்னாளில் துபாயில் ஒரு கனவான் எனக்குப் பாடம் எடுத்தார். நான் அதை எட்டு வயதிலேயே பார்த்தவன்.

இன்னொரு கதை உண்டு. 1809-ல் வேலுத்தம்பி தளவாய் காலத்துச் சண்டையில், கும்பினிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசையை உடைத்து உள்ளே நுழைந்தது. அதில் காயம்பட்ட போல் என்ற ஆங்கிலேய கேப்டன் இறந்துபோனார். திருநெல்வேலிச் சீமையின் மணற்காட்டில் அவரைப் புதைத்தார்கள். அகாலமாய்ச் செத்தவர் அல்லவா, சுற்று வட்டார ஜனங்கள் அவரையும் கும்பிட ஆரம்பித்து, சமாதியில் சாராயமும் சுருட்டும் வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்கள் இதை ஆச்சரியத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். துரைக்குப் பிடித்ததைத் துரைக்கு வைத்தார்கள். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு சுருட்டுக்குள் என்னதான் இருக்கிறது?

மூன்று பங்கு. நடுவில் உள்ளிலை, அதை இறுக்கிப் பிடிக்கும் கட்டிலை, வெளியே பளபளவென்று மேலிலை. உள்ளிலை முழு நீளத்துக்கு மடித்து வைத்ததா, நொறுக்கிப் போட்டதா என்பதில்தான் விலையின் பாதி இருக்கிறது. நொறுக்கினது சீக்கிரம் எரியும், சூடாகும், வாயில் தூள் ஒட்டும்.

உள்ளிலையிலும் ஒரே செடியின் வெவ்வேறு உயரத்து இலைகளைக் கலப்பார்கள். அடி இலை நன்றாக எரியும், காரம் குறைவு. நடு இலையில் மணம். வெயில் முழுக்கக் குடித்த உச்சி இலை தடிப்பாக, எண்ணெய்ப் பசையோடு, மெதுவாக எரியும். கியூபாவில் இவற்றை வொலாடோ, செக்கோ, லிஹேரோ என்கிறார்கள். லிஹேரோவைச் சரியாக நடுவில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால் சுருட்டும் ஒரு பக்கமாகவே எரிந்துகொண்டு போகும்.

பறித்த இலையை உடனே சுருட்ட முடியாது. கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றரை இரண்டு மாதம் காற்றில் உலர்த்தி, அப்புறம் போராக அடுக்கிப் புளிக்க விடுவார்கள். போருக்குள் தானாகவே சூடு ஏறும், அம்மோனியா வெளியேறும். நம் வீட்டுப் பெண்கள் மாவு புளிப்பதை மூக்காலேயே கண்டுபிடிப்பது போல, அங்கே போரைப் பிரித்துப் போடும் நாளை வாசனையை வைத்துச் சொல்லும் ஆட்கள் உண்டு.

மேலிலை கறுப்பாக இருந்தால் காரம் அதிகமா?

இல்லை. கறுப்பு மேலிலை அதிக நாள் புளித்தது; பல சமயம் இனிப்பாகவே இருக்கும். காரம் உள்ளே இருக்கிறது.

ரொபஸ்டோ, கொரோனா, சர்ச்சில் இதெல்லாம் கம்பெனிப் பெயரா?

அளவின் பெயர்கள். நீளத்தை அங்குலத்தில் சொல்வார்கள். தடிமனை ஓர் அங்குலத்தை 64 பங்காக்கிச் சொல்வார்கள். தடிமன் 50 என்றால் 64-ல் 50 பங்கு, கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். ரொபஸ்டோ 5 அங்குல நீளம், 50 தடிமன். சர்ச்சில் 7 அங்குலம், 47 தடிமன். கொரோனா ஐந்தரை அங்குலம், 42. முதன்முதலில் கையில் எடுப்பவர்கள் எல்லோரும் பெரியதையே எடுக்கிறார்கள். சர்ச்சில் அளவு முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதியில் எழுந்துபோனவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

சர்ச்சிலுக்குத் திருச்சியிலிருந்து சுருட்டு போனது என்று சொல்வது நம் ஊரில் எல்லோருக்கும் பெருமை. இருக்கட்டும். ஆனால் அவர் 21 வயதை எட்டும்போதே, 1895-ல், கியூபாவுக்குப் போய் வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கியூபாதான் உசத்தியா?

பினார் தெல் ரியோ மாகாணத்தின் வுவெல்தா அபாஹோ மண்ணுக்கு ஈடு இல்லை என்று கட்சி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. 1960-ல் கியூபப் புரட்சி அரசு சுருட்டு ஆலைகளை நாட்டுடைமை ஆக்கியது. ஆலைக்காரக் குடும்பங்கள் பல டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகராகுவா என்று சிதறிப்போய் அங்கே விதை போட்டன. பழைய பெயர்களையும் விடவில்லை. அதனால்தான் இன்று மான்டேகிறிஸ்டோ என்ற பெயரில் கியூபச் சுருட்டும் உண்டு, டொமினிகன் சுருட்டும் உண்டு. நிகராகுவாவின் எஸ்தெலியிலிருந்து வருவது என் நாக்குக்குக் கியூபாவைவிடப் பிடித்திருந்தது. மிளகு இடித்த வாசனை அதில் இருக்கும்.

கியூபாவுக்கு அந்த மவுசு வரக் காரணம் பாதி மண், பாதி தடை. 1962 பிப்ரவரியில் அமெரிக்கா முழுத் தடை போட்டது. கையெழுத்துப் போடும் முன் கென்னடி தன் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு, கிடைக்கிற 'பெத்தீ உப்மான்' ரகச் சுருட்டையெல்லாம் வாங்கி வரச் சொன்னாராம். மறுநாள் காலையில் 1,200 வந்து சேர்ந்ததும்தான் பேனாவை எடுத்தார் என்று சாலிஞ்சரே பின்னால் சொல்லியிருக்கிறார். ரேஷன் கடை அடைக்கப்போகிறது என்று தெரிந்தால் நாமும் இதைத்தான் செய்வோம்.

அத்தான் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கோஹிபா என்ற கியூபச் சுருட்டுப் பெட்டி அசல்தானா?

பெட்டிக்கு மேல் கண்ணாடி மூடி இருந்தால் போலி. அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். கோஹிபா அப்படி ஒரு பெட்டியில் வந்ததே இல்லை. மரமூடி என்றால் திருப்பிப் பாருங்கள். அடியில் கியூபாவில் செய்தது, முழுக்கக் கையால் செய்தது என்ற ஸ்பானிய வாசகங்கள் மரத்தில் அழுந்தப் பதிந்திருக்கும். அதோடு ஆலையையும் பெட்டியிட்ட மாதத்தையும் குறிக்கும் மை முத்திரையும் இருக்கும். பிறகு ஒரு வரிசைச் சுருட்டுகளின் நிறத்தைப் பாருங்கள். அசல் பெட்டியில் இடமிருந்து வலமாக நிறம் இம்மி இம்மியாக மாறும்படி அடுக்கியிருப்பார்கள். போலிப் பெட்டியில் திருவிழாக் கூட்டம் மாதிரி கலந்து கிடக்கும்.

இதையெல்லாம் பார்த்துப் போலி என்று தெரிந்தாலும் அத்தானிடம் சொல்லாதீர்கள். அக்காவோடு உறவு முக்கியம்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் எத்தனை விடுவார்கள்?

வரி இல்லாமல் ஓர் ஆளுக்கு 25 சுருட்டு. அதற்குப் பதிலாக 100 சிகரெட் அல்லது 125 கிராம் புகையிலை. மூன்றும் சேர்த்து இல்லை, ஏதாவது ஒன்றுதான்.

வீட்டில் எப்படி வைப்பது?

புத்தகங்களில் எழுதியிருப்பது எல்லாம் குளிர்நாட்டுக்காரனுக்கு. சுருட்டு காய்ந்துவிடாமல் எப்படி ஈரம் கொடுப்பது என்று பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். நமக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பிடிக்கிற மாவட்டம் இது. ஜூனில் குளச்சல் பக்கம் அப்பளம் பொரித்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் நமத்துப்போகிறது. அந்தக் காற்றில் சுருட்டு என்ன ஆகும்? ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வீடு என்றால் கதை வேறு. காற்றாலை சுற்றுகிற அந்தக் காற்றில் திறந்து வைத்த சுருட்டின் மேலிலை பட்டென்று வெடிக்கும். ஒரே மாவட்டம்தான், 30 கிலோமீட்டரில் இரண்டு பருவம்.

சுருட்டுக்குத் தேவை ஈரப்பதம் 65-லிருந்து 70 சதவீதம், சூடு 18-லிருந்து 21 டிகிரி. ஏசி 24 மணி நேரமும் ஓடாத வீட்டில் இந்தச் சூட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். சூட்டைக் குறைக்க முடியாவிட்டால் ஈரத்தைக் குறைத்து 65-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழகான மரப்பெட்டியைவிட, ரப்பர் விளிம்பு வைத்து இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவே நம் ஊருக்கு நல்லது. அதில் 65 என்று எண் போட்ட போவேடா பொட்டலம் ஒன்று போட்டால் போதும். ஈரம் கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும். டப்பாவை வீட்டிலேயே குளிர்ந்த அறையில், தரையோடு வையுங்கள். மாடி அறை ஆகவே ஆகாது.

ஈரப்பதம் காட்டும் ஈரமானியை அப்படியே நம்பாதீர்கள், சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் கல்லுப்பு போட்டு, கரைந்துவிடாமல் சேறு மாதிரி நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் சொட்டுங்கள். மூடியையும் ஈரமானியையும் ஒரு பையில் வைத்து இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் கருவி 4 குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம். நான் புத்தளம் உப்பளத்து உப்பில்தான் செய்வேன். எந்த உப்பானாலும் கணக்கு ஒன்றுதான், இது ஊர்ப்பாசம்.

மரப்பெட்டிதான் வேண்டும் என்றால் உள்ளே ஸ்பானிய செடார் பலகை பதித்திருக்கும். பெயரைக் கேட்டு இமயமலைத் தேவதாரு என்று நினைத்துவிடாதீர்கள். அது ஸ்பெயினிலிருந்து வருவதுமில்லை. மத்திய, தென் அமெரிக்க மரம், நம் வேம்பின் குடும்பம். வேப்பங்குச்சி வைத்த பெட்டியில் பூச்சி அண்டாது என்று பாட்டிமார் சொல்வதற்கும் இதற்கும் பங்காளி உறவு.

ஒரு தடவை இதையெல்லாம் தெரிந்த நானே கோட்டை விட்டேன். லீவுக்கு வரும்போது மாமனாருக்காக ஒரு பெட்டி கொண்டுவந்து மர அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வருஷம் வந்து திறந்தால் ஒவ்வொரு சுருட்டிலும் ஊசியால் குத்தியது போல் துளை. தட்டினால் காபிப்பொடி மாதிரி தூள் கொட்டுகிறது. புகையிலை வண்டு. மல்லி, மஞ்சள், வற்றல் மிளகாயில் விழும் அதே பழுப்பு வண்டுதான். அதன் முட்டை இலைக்குள்ளேயே வந்துவிடும், சூடு ஏறினால் பொரிக்கும். போதாக்குறைக்கு மாமியார் துணிக்குப் போட்டிருந்த பாச்சை உருண்டை பக்கத்திலேயே இருந்தது. பிழைத்த நாலைந்தும் பாச்சை உருண்டை நாற்றம். மாமனார் ஒன்றைப் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "வெளிநாட்டுச் சரக்கு இப்படித்தான் இருக்குமோ?" என்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வண்டு வராமலிருக்க, புதுப் பெட்டியை இறுக்கமான பையில் போட்டு மூன்று நாள் பிரீசரில், அப்புறம் ஒரு நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில், அப்புறம் வெளியே. நேராக வெளியே எடுத்தால் இலை வெடிக்கும்.

மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நல்லதா?

முதிர்ந்த சுருட்டில் எண்ணெய் வெளிவந்து பூத்தது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். நம் ஊர்க் காற்றில் அது பெரும்பாலும் பூஞ்சைதான். பஞ்சு மாதிரி எழும்பியிருந்தால், பச்சை நீலம் கலந்திருந்தால், முனைக்குள்ளும் போயிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

வெட்டுவதும் பற்றவைப்பதும்?

தொப்பியில் ஒரு மெல்லிய கோடு தெரியும். அதற்கு மேலேயே வெட்ட வேண்டும். கீழே வெட்டினால் மேலிலை தலைப்பாகை அவிழ்வது போல் அவிழும். எங்கள் பாட்டா பல்லால் கடித்துத் துப்புவார். நாட்டுச் சுருட்டுக்கு அதுவும் தேவையில்லை, பழக்கதோஷம்.

பெட்ரோல் லைட்டர் வேண்டாம், வாசனை ஏறும். தீக்குச்சி என்றால் மருந்து முழுக்க எரிந்து முடியும் வரை பொறுங்கள். நெருப்பில் முட்டாமல், அதற்கு மேல் பிடித்து உருட்டி முனை முழுவதும் வாட்ட வேண்டும்; கத்திரிக்காய் சுடுகிற மாதிரி. நிமிஷத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் இழுத்தால் சூடாகிக் கசக்கும்.

தலை சுற்றி, வியர்த்து, குமட்டியது. ஏன்?

நிக்கோட்டின். வெறும் வயிற்றில் இழுத்திருப்பீர்கள். கீழே வைத்துவிட்டுக் காற்றோட்டமாக உட்கார்ந்து, கருப்பட்டிக் காப்பியோ இனிப்பாக வேறு எதுவோ சாப்பிடுங்கள். உடம்பு வேண்டாம் என்று சொல்கிறது, கேட்பதும் நல்லது.

உள்ளே இழுக்காமல் விட்டால் கெடுதல் இல்லைதானே?

இதைத்தான் அதிகம் பேர், அதுவும் 'ஆமாம்' என்று நான் சொல்ல வேண்டும் என்ற முகத்தோடு கேட்கிறார்கள். கெடுதல் உண்டு. சுருட்டுப் புகை சிகரெட் புகையைவிடக் காரத்தன்மை (நாக்கில் உறைக்கும் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான குணம்) கூடியது. அதனால் நுரையீரலுக்குப் போகாமலேயே வாய்த்தோல் வழியாக நிக்கோட்டின் ஏறும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை இருக்கலாம். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் சுருட்டோடு சேர்ந்து வருபவை என்று 1998-லேயே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தனி அறிக்கை போட்டது.

அமெரிக்கா வரை போவானேன்? நெய்யூர் இருக்கிறது. எவரெஸ்டில் 1922-லும் 1924-லும் ஏற முயன்ற சாமர்வெல் டாக்டர் வேலை பார்த்த அதே மிஷன் ஆஸ்பத்திரியில் ஐ. எம். ஓர் என்று ஒரு டாக்டர் இருந்தார். திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-ல் லான்செட் இதழில் எழுதினார். புகையிலையும் வாய்ப்புற்றும் பற்றி உலகம் படித்த பழைய பாடங்களில் ஒன்று நம் ஊர் வாய்களிலிருந்து எழுதப்பட்டது.

என் கதை சின்னது. கன்னத்தின் உள்பக்கம் அரிசி அளவில் ஒரு வெள்ளைத் திட்டு. பல் டாக்டர் பார்த்து, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஒன்பது நாள். புற்று இல்லை என்று வந்தது. அந்த ஒன்பது நாளில் விட்டதுதான், மறுபடி தொடவில்லை.

எங்கே புகைக்கலாம், யாருக்கு விற்கலாம்?

2003-ஆம் வருஷச் சட்டம் சிகரெட்டுக்கு மட்டும் இல்லை, சுருட்டுக்கும்தான். பொது இடத்தில் புகைக்கத் தடை, 200 ரூபாய் வரை அபராதம். 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, பள்ளி கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது. கொடைக்கு வாங்குகிறேன் என்று பையனைக் கடைக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

புகைப்பதை விட்டபிறகும் இதைப் பற்றியே பேசுகிறீர்களே, அப்படி என்ன இருக்கிறது?

படிக்க இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது வாசிப்பவர்களின் கதை. 1865 டிசம்பரில் ஹவானாவில் எல் ஃபிகரோ என்ற பட்டறையில் சுருட்டுபவர்கள் தங்களுக்குள் ஒருவரை மேடையில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். கை வேலை செய்யும், காது சும்மாதானே இருக்கிறது! காலையில் பத்திரிகை, அப்புறம் நாவல். வாசிப்பவருக்குக் கூலி தொழிலாளர்களே சேர்த்துக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே ஸ்பானிய அரசு தடை போட்டது, அப்புறம் திரும்ப வந்தது. மான்டேகிறிஸ்டோ என்ற பெயரே பட்டறையில் வாசித்த அலெக்ஸாண்டர் டூமாவின் கதையிலிருந்து வந்ததுதான். ஃபுளோரிடாவின் டாம்பாவில் 1931-ல் முதலாளிகள் வாசிப்பவர்களை எடுத்துவிட்டு ரேடியோவை வைத்தார்கள். ரேடியோ கேள்வி கேட்காது, பாருங்கள்.

இதே ஏற்பாடு நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. கண்ணூர்ப் பக்கத்துப் பீடிப் பட்டறைகளில் ஒருவர் பேப்பர் வாசிக்க, மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பீடியைத் தங்கள் கணக்கிலிருந்து அவருக்குத் தள்ளுவார்கள். ஹவானாக்காரன் கண்ணூரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டான். இலையைச் சுருட்டுகிற கைக்கு ஒரே மாதிரி யோசனை வருகிறது போல.

படிக்க அலுத்தால் சேர்க்கலாம். சுருட்டின் இடுப்பில் கட்டும் காகிதப் பட்டைகளைச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பொன்மையில் அச்சடித்த சிங்கம், ராணி, கப்பல் எல்லாம் இரண்டு விரல் அகலத்தில். என்னிடம் 340 இருக்கிறது, ஒரு செடார் பெட்டிக்குள். விருந்தினர்கள் கழற்றிச் சாம்பல் கிண்ணத்தில் போட்டதைத்தான் நான் பொறுக்கினேன். ஈரத்துணியில் கொஞ்ச நேரம் வைத்தால் பசை விடும், அப்புறம் பழைய டெலிபோன் டைரக்டரிக்குள் வைத்து அழுத்த வேண்டும்.

அந்தச் செடார் பெட்டி இன்னும் இருக்கிறதா? விலைக்குக் கொடுப்பீர்களா?

இருக்கிறது, கொடுக்க மாட்டேன். பட்டைகள் போக மிச்ச இடத்தில் வீட்டுக்காரி கரண்ட் பில்லும் ரேஷன் கார்டும் வைத்திருக்கிறாள். மின்வாரிய அலுவலகத்தில் பில்லை நீட்டினால், வாங்குகிற அம்மா ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் சீல் குத்துகிறார்.